லேடீஸ் பெட்டியில் ஒரு லத்தி

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் கிளம்ப மாட்டோம். கணக்கு முடிக்கிற மாதம். நுங்கம்பாக்கத்தில் நான் ரயில் ஏறும்போது பத்து மணியை நெருங்கியிருக்கும். காலையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்த அதே லேடீஸ் பெட்டியில் அப்போது எட்டு பேரோ பத்து பேரோ ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். உட்கார இடம் கிடைத்த சந்தோஷம் மாம்பலம் வரைக்கும்தான். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக இறங்க இறங்க, மிச்சம் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துவிடுவோம்.

சைதாப்பேட்டையிலோ கிண்டியிலோ ஒரு பெண் காவலர் ஏறினால் பெட்டியில் ஒரு வேடிக்கை நடக்கும். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் பழவந்தாங்கல் வருவதற்குள், மூலைக்கு ஒருத்தியாக இருந்தவர்கள் எல்லாம் அவர் உட்கார்ந்த வரிசையைச் சுற்றி வந்து சேர்ந்திருப்போம். அவர் முதலில் செய்கிற வேலை ஷூவின் நாடாவைத் தளர்த்துவது. அடுத்தது, லத்தியை முழங்கால்களுக்கு நடுவில் சாய்த்து வைத்துக்கொள்வது. பூக்கட்டும் அம்மா கூடையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். “காலையில ஆறு மணிக்கு நின்னது அக்கா, காலே இல்ல” என்பார் காவலர். மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். ஒருநாள் அப்படித் தூங்கும்போது லத்தி நழுவிக் கீழே விழுந்து உருண்டது. எதிரே இருந்த நர்ஸ் பெண் அதைச் சத்தமில்லாமல் எடுத்து, அவர் மடியில் திரும்ப வைத்தாள். அவர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்கிற கவலைதான் எங்கள் எல்லார் முகத்திலும் இருந்தது.

இதை வீட்டில் சொன்னேன். “தூங்குற போலீஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. ஆனால் மறுநாள் இரவு பெட்டியில் கால் வைத்ததும் என் கண் முதலில் தேடியது அந்த லத்தியைத்தான்.

ரயிலில் கண்ணுக்குத் தெரிகிற காவலைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் எல்லாம் சீசன் டிக்கெட்டில் சம்பாதித்தது. 2009இலிருந்து குரோம்பேட்டைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் பத்து வருஷம். அலுவலகம் மவுண்ட் ரோட்டுக்கு மாறிய பிறகு கிண்டி வரை லோக்கல், அங்கிருந்து மெட்ரோ. இத்தனை வருஷத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்து நிம்மதியும் பட்டிருக்கிறேன், எரிச்சலும் பட்டிருக்கிறேன். சில நாள் சிரிப்பும் வந்திருக்கிறது.

காக்கி என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அதில் இரண்டு வகை உண்டு என்பது எனக்கே வெகுநாள் தெரியாது. ஆர்பிஎஃப் என்கிற ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது. அதற்கான சட்டம் 1957இல் வந்தது. ரயில்வேயின் சொத்தைக் காப்பதுதான் அதன் வேலை. பயணிகளின் பாதுகாப்பும் அந்த வேலையில் சேர்ந்தது 2003இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான். அதாவது, அதுவரை சட்டப்படி தண்டவாளத்துக்கும் சரக்குக்கும்தான் காவல். இன்னொன்று இருப்புப்பாதை காவல்துறை. இது மாநில போலீஸ். திருட்டோ கொலையோ நடந்தால் வழக்குப் பதிகிறவர்கள் இவர்கள். தோளில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்து வித்தியாசம் சொல்கிற பயணியை நான் இதுவரை பார்க்கவில்லை. எங்களுக்குக் காக்கி காக்கிதான். வித்தியாசம் முக்கியம் என்று தெரியவந்தது 2016இல்.

அந்த வருஷம் ஜூன் 24, வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி வாக்கில், நான் தினமும் இறங்குகிற நுங்கம்பாக்கம் நிலையத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம் மென்பொருள் ஊழியர் பிளாட்பாரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கண்காணிப்பு கேமரா இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராப் பதிவுகளைத் தேடித்தான் காவல்துறை போக வேண்டியிருந்தது. முதலில் இருப்புப்பாதை காவல்துறை விசாரித்தது, சில நாளில் வழக்கு மாநகர போலீஸுக்கு மாறியது. கேமரா வைக்க வேண்டியது யார், காவல் போட வேண்டியது யார் என்று பேப்பரில் பெரிய பட்டிமன்றமே ஓடியது. உயர்நீதிமன்றமும் கேள்வி கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை இறங்கிப் பார்த்தால் பிளாட்பாரத்தின் இரண்டு முனையிலும் போலீஸ். படிக்கட்டில் போலீஸ். டிக்கெட் கவுண்ட்டர் பக்கத்தில் போலீஸ். அத்தனை பேரை அந்த நிலையத்தில் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் நாலு போலீஸ் நின்றால், அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதானே நினைப்போம்? அப்படித்தான் அதுவும். சாதாரணமாக ஓடி ஓடி ரயில் பிடிக்கிற இடம், நின்று பார்க்கிற இடமாகிவிட்டது. காலை நேரத்து இரைச்சலே குறைந்து போனது.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, ஒரு பாட்டி ஓர் இளம் காவலரைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை நாளு எங்கப்பா இருந்தீங்க? அந்தப் பொண்ணு கத்தும்போது எங்க இருந்தீங்க?” அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எங்கிருந்தோ அனுப்பி வைக்கப்பட்டு, முந்தாநாள் வந்து நிற்கிறான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பாட்டி பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம். “அவரு என்னம்மா பண்ணுவாரு” என்று ஒருவர். “கேக்கட்டும் சார், நல்லா கேக்கட்டும்” என்று இன்னொருவர். அந்த வாரம் முழுக்க ஊரில் பேசிய பேச்சு இதுதான், இரண்டே வாக்கியத்தில்.

என் அம்மாவுக்கு அப்போது புது வழக்கம் ஒன்று வந்தது. காலையில் நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால், ரயில் ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கொடுத்தேன். போலீஸ் நின்ற அத்தனை நாளும் அம்மா அதை நிறுத்தவில்லை. “அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு இருப்பாங்க” என்றாள். அம்மா கணக்கு தப்பவில்லை. ஆடி போய் ஆவணி வந்தபோது படிக்கட்டுக் காவலர் இல்லை. தீபாவளிக்கு ஒரு முனையில் ஒருவர். பொங்கலுக்கு நாற்காலி மட்டும் இருந்தது. ஆள் டீ குடிக்கப் போயிருக்கலாம், பழி போட நான் தயாரில்லை. கேமராக்கள் வந்தன. வந்த புதிதில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு மாதத்தில் கேமராவும் பிளாட்பாரத்து மின்விசிறி போல ஆகிவிட்டது.

ஆறு வருஷம் கழித்து, 2022 அக்டோபர் 13 அன்று, பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி வந்துகொண்டிருந்த ரயிலின் முன்னால் தள்ளிக் கொல்லப்பட்டார். பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க. தள்ளியவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. கொலை நடந்த அன்று மாலை அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். லேடீஸ் பெட்டியில் யாரும் போலீஸைப் பற்றியோ கேமராவைப் பற்றியோ பேசவில்லை. ரயில் உள்ளே வரும்போது பிளாட்பாரத்தில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச்சு. அன்றிலிருந்து நான் சுவரில் முதுகு சாய்த்துத்தான் நிற்கிறேன். ரயில் முழுசாக நின்ற பிறகுதான் முன்னால் போவேன். கவனித்துப் பாருங்கள், அப்படி நிற்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பறக்கும் ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் ஓட ஆரம்பித்து, 1997இல் மயிலாப்பூருக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் நீண்ட தடம். அதன் நிலையங்களைக் கட்டியவர்கள் கூட்டம் வரும் என்று நம்பிக் கட்டியிருக்கிறார்கள். மாளிகை மாளிகையாக நிற்கின்றன. உள்ளே போனால் நம் செருப்புச் சத்தம் நமக்கே திரும்பி வரும். வேளச்சேரியில் இருந்த சிநேகிதி வீட்டுக்குப் போக அந்த ரயிலில் மாலை வேளையில் பல தடவை போயிருக்கிறேன். லோக்கல் ரயிலில் கற்றுக்கொண்டது எதுவும் அங்கே செல்லாது. நீளமான, பாதி விளக்கு எரியாத ஒரு தளத்தின் கோடியில் தனியாக ஒரு ஆண் காவலர் நின்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டு பயம் வரும். அவரைத் தாண்டிப் போகிற வரை ஒன்று, தாண்டிப் போன பிறகு இன்னொன்று. அவர் ஒன்றுமே செய்யவில்லை, பாவம். கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற காக்கிக்கும் ஆளில்லாத இடத்தில் தனியாக நிற்கிற காக்கிக்கும் நிறம் ஒன்றுதான். சுண்டல்காரர் ஒருவர் கூடையோடு உட்கார்ந்திருந்தால் போதும், மனசு சமாதானமாகிவிடும்.

இதே தடத்தில் திருவான்மியூர் நிலையத்தில் 2022 ஜனவரியில் நடந்த கூத்து பலருக்கு நினைவிருக்கும். டிக்கெட் கொடுக்கும் ஊழியரைக் கட்டிப்போட்டுவிட்டுப் பணத்தைக் கொள்ளையடித்துப் போய்விட்டார்கள் என்று காலையில் செய்தி. நிலையத்தில் கேமரா இல்லை. ஊரே கொதித்தது, எங்கள் ரயில் வாட்ஸப் குழு உட்பட. கடைசியில் பார்த்தால், ஊழியரும் அவர் மனைவியும் சேர்ந்து போட்ட நாடகம் என்று போலீஸ் சொன்னது. சிரித்துவிட்டோம். ஆனால் முதல் செய்தியை ஏன் யாருமே சந்தேகப்படவில்லை என்று அப்புறம் யோசித்தேன். அந்தக் கட்டடங்களில் எதுவும் நடக்கும் என்று நாங்கள் எல்லோருமே ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தோம்.

மெட்டல் டிடெக்டர் கதவை முதன்முதலாக நான் பார்த்தது பம்பாயில். 2008 மே மாதம், லீவுக்கு மாட்டுங்கா சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்வே லோக்கல்களில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்திருந்தன. எல்லாம் முதல் வகுப்புப் பெட்டிகள். 180 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் காலை ரயில்கள் ஓடின, ஜனங்கள் ஏறினார்கள். “ஏறாம என்ன பண்றது? ஆபீஸ் பறந்தா போகும்?” என்றார் சித்தப்பா. சிஎஸ்டி என்கிற சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் நிலையத்து வாசலில் நின்ற அந்தக் கதவை அவர் ‘கல்யாண ஆர்ச்’ என்றுதான் சொல்வார். வருகிறவர்கள் எல்லோருக்கும் கீக் கீக் என்று வரவேற்பு. சாவிக்கும் கீக், டிபன் டப்பாவுக்கும் கீக். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. பாதிக் கூட்டம் கதவுக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளி வழியாகப் போனது.

நிறுத்தவும் முடியாது. கணக்கு போட்டுப் பாருங்கள், என் தொழிலே அதுதான். நெரிசல் நேரத்தில் ஒரு பன்னிரண்டு பெட்டி லோக்கலில் நாலாயிரம் பேர் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு ஐந்து விநாடி சோதனை என்றால், ஒரு கதவு வழியாக இருபதாயிரம் விநாடி. ஐந்தரை மணி நேரம். ஒரே ஒரு ரயிலுக்கு. அடுத்த ரயில் நாலு நிமிஷத்தில் வந்து நிற்கும். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வருகிறவன், விரார் லோக்கலுக்கு இரண்டு நிமிஷம் முன்னால்தான் வருவான். ஆகவே தினசரி ரயிலில் சோதனை என்பது பெரும்பாலும் சோதனை நடப்பது போன்ற தோற்றம்தான். இது பயணிக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, பழக்கத்தில் செய்துவிட்டுப் போகிறோம்.

அதே வருஷம் நவம்பர் 26 இரவு, துப்பாக்கியோடு இரண்டு பேர் அதே சிஎஸ்டிக்குள் புகுந்து சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சித்தப்பா அன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்திருந்தார். அப்புறம் அவர் கல்யாண ஆர்ச் என்று சொல்லி நான் கேட்கவில்லை. கதவு வழியாகத்தான் போவாராம். சாவிக்கொத்தை அவராகவே வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வாராம். கதவு மாறவில்லை. ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. 2006 குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட பன்னிரண்டு பேரையும் 2025 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் விடுவித்தது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வாசலில் கதவு வைக்கச் சில மாதம் போதுமாக இருந்தது. குண்டு வைத்தது யார் என்று தெளிவாகச் சொல்லப் பத்தொன்பது வருஷம் போதவில்லை.

சென்னையில் எங்களுக்கு அந்தப் பழக்கம் வந்தது 2014 மே 1க்குப் பிறகு. சென்ட்ரலில் நின்றிருந்த கவுகாத்தி எக்ஸ்பிரஸில் காலையில் இரண்டு குண்டுகள் வெடித்து, ஓர் இளம்பெண் இறந்துபோனார். அடுத்த சில வாரம் லோக்கல் ரயிலில்கூட ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தால் ஜனங்கள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று அறிவிப்பு. அந்த மாதத்தில் ஒருநாள் எங்கள் பெட்டியில், சீட்டுக்கு அடியில், ஒரு மஞ்சள் பை. “யாருதும்மா இது?” என்று ஒருத்தி கேட்டாள். பதில் இல்லை. இரண்டாவது தடவை சத்தமாகக் கேட்டாள். அதற்குள் அந்த வரிசை காலியாகிவிட்டது. செயினை இழுக்கலாமா, ரயில்வே பாதுகாப்பு உதவி எண்ணான 182க்குப் போன் பண்ணலாமா என்று விவாதம். (அந்த எண்ணை 2021இல் 139உடன் சேர்த்துவிட்டார்கள்.) நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே பூக்கட்டும் அம்மா எழுந்து போய், பையை எடுத்து, வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். ஐயோ என்று நாலு பேர் கத்தினோம். நாலு முருங்கைக்காயும் ஒரு கட்டுப் புதினாவும் இருந்தன. “தாம்பரத்துல இறங்குறவ விட்டுட்டுப் போயிருப்பா” என்று சொல்லிப் பையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அறிவிப்பு திரும்பவும் ஓடியது.

இப்போது என் தினசரிப் பாதையில் கிண்டி இருக்கிறது. லோக்கல் நிலையமும் மெட்ரோ நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். இந்தப் பக்கம் கதவு இல்லாத ரயில், ஃபுட்போர்டில் தொங்குகிற ஆட்கள், பையில் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் போனால் அதே பையை எக்ஸ்ரே பெல்ட்டில் போட வேண்டும், கையை விரித்து நிற்க வேண்டும். ஒரே ஆள், ஒரே பை, ஒரே காலை நேரம். நடுவில் நூறு அடி இருக்குமா? லோக்கலில் வெற்றிலை துப்பிக்கொண்டு வந்த பெரியவர், மெட்ரோ வாசலில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சோதனை போடுவதால் மெட்ரோ பெரிய இடம் என்று தோன்றுகிறதா, பெரிய இடம் என்பதால் சோதனையை ஏற்றுக்கொள்கிறோமா, தெரியவில்லை. லோக்கலில் இதே பெல்ட்டை வைத்தால் முதல் நாளே கலவரம் ஆகிவிடும். மெட்ரோவில் “பையை வைங்கம்மா” என்றால் மரியாதையாகக் கேட்கிறது.

போன மாதம் ஈவினிங் பஜாரில் ஒரு தேங்காய்த் துருவி வாங்கினேன். மணையோடு கூடியது, பல் பல்லாக இரும்பு நாக்கு. வழக்கப்படி சென்ட்ரலில் மெட்ரோ ஏறியிருப்பேன். குளிர்சாதனம், உட்கார இடம். ஆனால் இந்த நாக்கு எக்ஸ்ரே திரையில் எப்படித் தெரியும் என்று யோசித்ததும் கால் தானாக பார்க் ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே என்னைத் தடுத்துக்கொண்டேன். கூட தங்கை பையன் இருந்தான். வார விடுமுறைக்கு ஆவடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

அவனைப் பற்றிச் சொன்னால்தான் இந்தக் கட்டுரையை நான் ஏன் எழுத உட்கார்ந்தேன் என்பது புரியும். கல்லூரியில் இரண்டாம் வருஷம். தினமும் லோக்கலில் போய்வருகிறவன். அந்தத் தடங்களில் கல்லூரிக்குக் கல்லூரி, ரூட்டுக்கு ரூட்டு நடக்கிற அடிதடி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கத்தி வரைக்கும் போயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. அதனால் போலீஸ் நிற்கிறது, மாணவர்களின் பையைத் திறக்கிறது, ஐடி கார்டு கேட்கிறது. பேப்பரில் படிக்கும்போது ‘நல்லது, நடக்கட்டும்’ என்று சொன்னவள் நானும்தான். ஒருநாள் அந்த லத்தி உருண்ட கதையை அவனிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “உங்களுக்கு போலீஸைப் பாத்தா தூக்கம் வருது பெரியம்மா. எனக்கு ஐடி கார்டு எங்கன்னு தேட வேண்டியிருக்கு” என்றான். கார்டைக் கழுத்தில் வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொள்வானாம். தாடி விட மாட்டானாம். நாலு பேருக்கு மேல் சேர்ந்து நிற்க மாட்டானாம். யாராவது பெட்டியில் தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறிவிடுவானாம்.

அதற்கப்புறம் எனக்குப் பார்க்கத் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளான டிசம்பர் 6 அன்று கைப்பை கொண்டுவர மாட்டாள். டிபன் டப்பாவை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். பர்தா போடுகிறவள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதிக்கு சென்ட்ரலிலும் எழும்பூரிலும் மோப்ப நாய் வரும், பைகளைக் கிளறுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். நாயைப் பார்த்துக் குழந்தைகளுக்குக் குஷி, எனக்கும் கொஞ்சம் வேடிக்கை. அவள் அந்த வரிசையில் நிற்க விரும்பவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அது அவளுடைய ஏதோ நோன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா வெள்ளவத்தைக்காரர். கொழும்பில் கரையோர ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். 1996 ஜூலை 24 மாலை தெஹிவளையில் நெரிசல் நேர ரயிலில் குண்டு வெடித்து 64 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். “அந்தக் குண்டுக்குப் பிறகு செக்கிங் கூடிப்போச்சு. ஆமிக்காரன் ஏறினா மற்றச் சனத்துக்கு நிம்மதி. நாங்கள் கதைக்கிறதை நிப்பாட்டிப்போடுவம்” என்றார். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும். வீட்டு வாசலிலேயே பொட்டை அழித்துவிட்டுத்தான் வெளிக்கிடுவாராம். “குண்டுக்கு எனக்கும் பயம்தானே. அதே ட்ரெயினிலைதானே நானும் போறனான்” என்றார். இப்போதும் குரோம்பேட்டை நிலையத்தில் காக்கியைப் பார்த்தால் அவர் கை நெற்றிக்குப் போகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

துருவி வாங்கிய நாளில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. பையன் கூட இருந்ததால் பொதுப் பெட்டியில் ஏறினோம். ஏதோ ஒரு நிலையத்தில் காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் பெட்டியை ஒரு சுற்று பார்த்தார். பார்வை எங்கள் சீட்டில் வந்து நின்றது.

“தம்பி, எழுந்திரு. பையில என்ன?”

அவன் எழுந்தபோதே கையில் ஐடி கார்டு இருந்தது. பையைத் திறந்தான். இரண்டு நோட்டு, ஒரு டீ ஷர்ட், சார்ஜர், என் தங்கை கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். அவர் பாட்டிலை வெளியே எடுத்து, சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்துப் பார்த்தார்.

“என் தங்கச்சி பையன் சார். என்கூடத்தான் வரான்” என்றேன்.

“சரிம்மா. செக் பண்ணணும்ல.”

என் பையைத் தூக்கி மடியில் வைத்தேன். “இதையும் பாத்துடுங்க.”

“அட, உங்களுது எதுக்கும்மா” என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். அந்தப் பெட்டியிலேயே கூரான இரும்பு என் மடியில்தான் இருந்திருக்கும். எதிரே இருந்த அம்மா என்னைப் பார்த்து, “நம்ம நல்லதுக்குத்தானே பாக்கறாங்க” என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் பையனைப் பார்த்தேன். கைக்குட்டையால் பாட்டிலில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தான். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பல்லாவரம் வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்தான்.

குரோம்பேட்டையில் அவன் முதலில் இறங்கி, என் பக்கம் கையை நீட்டினான். “கொடுங்க பெரியம்மா, கனமா இருக்கும்.”

வெளியே போகிற வழியில் இரண்டு காக்கிச் சட்டைகள் நின்றிருந்தன. நான் பையைக் கொடுக்கவில்லை.